செவிலியருக்குப் பட்டம் வேண்டுமா?

(எங்கள் ஆஸ்பத்திரியின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஆதரவாளர்கள் முன்பு நிகழ்த்திய உரை. கூட்டத்துக்கு வர இயலாத நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே அச்சிடப்படுகிறது.)



 வருடந்தோறும் இந்த நாளில், எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, எந்தக் கட்டடம் எழும்பியது என்று கணக்குச் சொல்வது எங்கள் வழக்கம். அந்தக் கணக்கெல்லாம் அச்சிட்ட அறிக்கையாக உங்கள் கைகளில் இருக்கிறது. அதை மறுபடியும் வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. உங்களில் இருவர் எங்களுக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் சொல்லவே இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

நம்முடைய நர்சிங் கல்வி நிதிக்கு உதவி கேட்டுப் போன வருடம் உங்களுக்கு எழுதியிருந்தோம். அதற்கு வந்த பதில்களில் ஒன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியது. அவருடைய தாயாரைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட அம்மாள் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவராம். ஆனால் அவரைப்போல் ஒரு பிள்ளைகூடத் தாயைப் பார்த்திருக்க முடியாதாம். நர்ஸுக்கு வேண்டியது அன்பும் பொறுமையும்தானே, அதற்கு எந்தக் கல்லூரியில் பட்டம் கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்டிருந்தார்.

இன்னொரு கடிதம் ஒரு சகோதரி எழுதியது. அவருடைய கேள்வி நேர் எதிரானது. வசதியுள்ளவர்கள் பட்டம் பெற்ற நர்ஸுகள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளைத் தேடிப் போகிறார்கள். ஏழைகள் உங்களிடம் வருகிறார்கள். ஏழைகளுக்கு டிப்ளமோ போதும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்.

இரண்டு கடிதமும் எங்களைத் தைத்தன என்பதை ஒப்புக்கொள்கிறோம். இரண்டிலும் நியாயம் இருந்தது. பதில் சொல்வதற்கு முன்னால் ஓர் இரவைப்பற்றிச் சொல்ல வேண்டும். பெருமையாகச் சொல்லக்கூடிய காரியமல்ல. ஆனாலும் உங்கள் பணத்தைக் கேட்கிறவர்கள் உங்களிடத்தில் வெற்றிகளை மட்டும் சொல்வது முறையல்ல.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம். குடலில் துவாரம் விழுந்த ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியைக் கட்டை வண்டி போகும் பாதையிலிருந்து தூக்கி வந்து சேர்த்தார்கள். வயது ஐம்பதிருக்கும். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் இரவு, ஆண்கள் வார்டில் 42 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு ஸ்டாஃப் நர்ஸும் ஒரு மாணவியும் டியூட்டியில் இருந்தார்கள். ஸ்டாஃப் நர்ஸ் படிப்பு முடித்து ஓராண்டு ஆன பெண். இரவு 10 மணி, 2 மணி, காலை 6 மணி என்று மூன்று முறையும் அந்த நோயாளியின் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு நான்கும் சார்ட்டில் எழுதப்பட்டிருந்தன. மூச்சு நிமிடத்துக்கு 20, 20, 20.

ஆறரை மணிக்கு டாக்டர் வந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முப்பத்தாறு. வயிற்றில் இருந்த தொற்று இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவியிருந்தது. எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம். அன்று பிற்பகல் அவர் இறந்துபோனார்.

அவருடைய மனைவி எங்களிடம் ஒரு காரியம் சொன்னார். "ராத்திரி ரெண்டு மணிக்கே மூச்சு வாங்குதுன்னு சிஸ்டர்கிட்ட சொன்னேங்க. அந்தப் பிள்ளையும் வந்து பாத்திச்சு. தலைமாட்டை உசத்தி வச்சுட்டுப் போச்சு" என்றார். குற்றம்சாட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அன்று காலையில் எங்கள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "யார் டியூட்டி?" என்பதுதான். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் முதலில் வருகிற கேள்வி அது. ஆனால் எங்கள் நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா அந்தக் கேள்வியோடு நிற்க விடவில்லை. அந்தப் பெண்ணைத் தனியே உட்காரவைத்து, ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, மூன்று கேள்விகள் கேட்டார்கள்.

முதல் கேள்வி: மூச்சை ஏன் எண்ணவில்லை? அந்தப் பெண் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். எண்ணுவதற்கு ஒரு முழு நிமிடம் ஆகும். 42 பேருக்கு எண்ணினால் அதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். எல்லோரும் 20 என்றுதான் எழுதுகிறார்கள். மூச்சு என்பது சார்ட்டில் நிரப்ப வேண்டிய நான்காவது கட்டம் என்று அவளுக்குத் தெரியும். உடம்பில் தொற்று பரவும்போது ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்னாலேயே மூச்சு வேகமெடுக்கும், அதுவே முதல் அபாய மணி என்று அவளுக்கு யாரும் மனதில் பதியும்படி சொல்லித்தரவில்லை.

இரண்டாம் கேள்வி: மனைவி சொன்ன பிறகு ஏன் பக்கத்தில் நின்று கவனிக்கவில்லை? அதே நேரத்தில் எதிர் வரிசையில் ஒருவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தது. மூலையில் ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கி விழப்போனார்.

மூன்றாம் கேள்வி: டாக்டரை ஏன் எழுப்பவில்லை? அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். முந்தின வாரம் ஒருமுறை இரவில் எழுப்பியதற்கு, இதற்கெல்லாமா கூப்பிடுவாய் என்று கடிந்துகொண்டார்களாம். ஆகவே விடியட்டும் என்று இருந்துவிட்டாள்.

நான்கரை மணி நேரம் வீணாயிற்று. இரண்டு மணிக்கே பார்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம். அந்தப் பெண்ணிடம் அன்பு இல்லாமல் போகவில்லை. அழைத்தவுடன் வந்தாள், தலைமாட்டை உயர்த்தினாள், மனைவிக்கு ஆறுதல் சொன்னாள். அன்பு அந்த வார்டில் இருந்தது. அவளுக்குக் குறைவாயிருந்தவை மூன்று: அறிவு, ஆள்பலம், பேசத் தைரியம். பட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு நாங்கள் பதில் தேடத் தொடங்கியது அந்த நாளில்தான்.

இந்தக் கேள்வி புதிதல்ல, நண்பர்களே. கிரிமியா யுத்தத்தில் பணிசெய்து திரும்பிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நர்ஸுக்கு வீட்டு வேலைக்காரிக்குரிய பழக்கம் போதும், பள்ளிக்கூடம் எதற்கு என்று அதை எதிர்த்தவர்களில் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் ஒருவர். ஆனால் அதே அம்மையார், பின்னாளில் நர்ஸுகளுக்குத் தேர்வு வைத்துப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற இயக்கம் எழுந்தபோது அதை எதிர்த்தார். ஒரு நர்ஸின் குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். தலைமையாசிரியர் ஐயாவின் கடிதமும் அந்தச் சகோதரியின் கடிதமும் நைட்டிங்கேல் அம்மையாரின் ஒரே நெஞ்சில் குடியிருந்தன என்று சொல்லலாம்.

நம் பக்கத்துச் சரித்திரத்தையும் பாருங்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப்பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மடிந்ததைக் கண்டு மனம் மாறி, டாக்டராகத் திரும்பி வந்து, 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு வேலையைத் தொடங்கியவர். அவர் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918-ல். ஆனால் நர்ஸுகளுக்கான பள்ளியை அதற்கு ஒன்பது வருடம் முன்னதாகவே, 1909-ல் தொடங்கிவிட்டார். டாக்டர் கத்தியை வைத்துவிட்டுப் போன பிறகு நோயாளியை உயிரோடு காப்பது யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பள்ளி 1946-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. அதே 1946-ல் டில்லியிலும் ஒரு நர்சிங் கல்லூரி பட்டப்படிப்பைத் தொடங்கியது. நம் தேசத்தில் நர்சிங் பட்டப்படிப்பு சுதந்திரத்துக்கு முந்தியது. அது பிறந்த இடங்களில் ஒன்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி.

அந்த நாட்களில் தங்கள் பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்ப எத்தனை குடும்பங்கள் சம்மதித்தன என்பதை உங்களில் வயதானவர்கள் அறிவீர்கள். அந்நிய ஆணைத் தொடுவதா, மலம் ஜலம் எடுப்பதா என்று முகத்தைச் சுளித்த காலம் அது. விதவைகளும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும், மிஷன் பள்ளியில் வளர்ந்த பெண்களுமே முதலில் முன்வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த படிப்பும் சான்றிதழும் அவர்களைத் தலைநிமிர்ந்து நடக்கவைத்தன. ஆகவே படிப்பு நோயாளிக்கு மட்டும் நன்மை செய்யவில்லை. படித்த பெண்ணுக்கு மரியாதையையும் அது தேடித்தந்தது.

இப்போது உள்ள படிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். கிராமத்துத் தாய் சேய் நலத்துக்கான ஏ.என்.எம். படிப்பு 2 வருடம். ஆஸ்பத்திரி நர்ஸுக்கான ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் பட்டம் 4 வருடம். டிப்ளமோ முடித்தவர்கள் மேலும் 2 வருடம் படித்துப் பட்டம் பெற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று ஒரு வழி இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் டிப்ளமோ படித்தவர்கள்.

கூடுதல் படிப்பினால் என்ன கிடைக்கும்? ஓர் உதாரணம். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடுகிறோம். தாயின் உயிரைக் காக்கும் மருந்து அது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன்னால் மூன்று காரியங்களைப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுகிறதா? நிமிடத்துக்கு 16 மூச்சாவது இருக்கிறதா? கடந்த நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லியாவது இறங்கியிருக்கிறதா? எங்கள் பிரசவ வார்டுச் சுவரில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும்.

ஆனால் ஏன் என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் உண்டு. அந்த மருந்து உடம்பைவிட்டுச் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீர் குறைந்தால் மருந்து உள்ளேயே தேங்கும். தேங்கினால் முதலில் முழங்காலின் உதறல் மறையும், அதற்கு மேல் ஏறினால் மூச்சே நின்றுபோகும். இது தெரிந்த நர்ஸ், சிறுநீர்ப் பையில் 60 மில்லிதான் இருக்கிறது என்றால் அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுவார். மாற்று மருந்தாகிய கால்சியம் குளுக்கோனேட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எடுத்து வைப்பார். தெரியாத நர்ஸ், மணி அடித்துவிட்டதே, ஊசி தவறிப்போகக் கூடாதே என்று போட்டுவிடுவார். இருவரும் நல்ல மனதுள்ளவர்கள்தான். ஒருவருடைய நல்ல மனது தாயைக் காக்கும். மற்றவருடைய நல்ல மனது அவளைக் கொல்லக்கூடும்.

இனி, மேல்நாட்டு ஆராய்ச்சிகள் என்ன சொல்லுகின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவில் லிண்டா ஏக்கன் என்ற நர்சிங் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பட்டம் பெற்ற நர்ஸுகளின் விகிதம் நூற்றுக்குப் பத்து கூடுகிற இடத்தில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் குறைவாயிருந்தது. பின்னர் ஐரோப்பாவில் 9 நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், நாலு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. அதிலும் அப்படியே, அங்கே குறைவு 7 சதவீதம். பிரிட்டனில் 2013 முதல் புதிதாக நர்ஸாகச் சேருகிறவர்கள் பட்டப்படிப்பு வழியாகவே வர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அப்படியானால் அந்தச் சகோதரி சொல்வதே சரி, விவாதம் முடிந்தது என்று நினைக்கலாம். ஆனால் 2014 ஆராய்ச்சியில் இன்னொரு பாதியும் இருக்கிறது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேர்ந்தால் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பதே அது. பட்டம் எவ்வளவு முக்கியமோ, ஆள்பலமும் அவ்வளவு முக்கியம் என்று அந்த ஆராய்ச்சியே சொல்லுகிறது. நம் நாட்டில் பொது ஆஸ்பத்திரிகளுக்கு ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் ஓர் அளவு வகுத்தது. அன்றிரவு எங்கள் வார்டில் 42 பேருக்கு ஒருவர். அந்த இடத்தில் முனைவர் பட்டம் பெற்றவரை நிறுத்தியிருந்தாலும் அவருக்கும் இரண்டு கைகள்தானே?

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சிகள் ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டன. தனித்தனி நர்ஸுகளை ஒப்பிடவில்லை. பட்டதாரி நர்ஸுகள் நிறைந்த ஆஸ்பத்திரியில் வேறு நன்மைகளும் சேர்ந்திருக்கலாம். ஆகவே டிப்ளமோ படித்த ஒரு நர்ஸைக் காட்டி, இவர் குறைந்தவர் என்று சொல்ல அவை இடம் கொடுக்கவில்லை.

குறைந்தவர் அல்ல என்பதற்கு எங்கள் வார்டிலேயே சாட்சி இருக்கிறது. எங்களோடு 28 வருடம் பணிசெய்த ஒரு சிஸ்டர். டிப்ளமோ மட்டுமே படித்தவர். சர்க்கரை வியாதிக்கார அம்மாள் ஒருவர் சேர்க்கப்பட்டபோது, வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக்கொடுத்த இன்சுலின் குப்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். புதிதாக வந்த பட்டதாரி நர்ஸ் அதிலிருந்து வழக்கமான சிரிஞ்சில் 20 யூனிட் கோடு வரைக்கும் இழுத்துவிட்டார். சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் நில்லும்மா, அந்தக் குப்பியைக் காட்டு" என்றார். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கேற்ற சிரிஞ்சையே வார்டில் வைத்திருந்தோம். அந்தக் குப்பியிலோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். 20 என்று நினைத்துப் போட்டிருந்தால் 50 யூனிட் உடம்பில் இறங்கியிருக்கும். இரண்டரை மடங்கு. அந்த அம்மாள் தூக்கத்திலேயே போயிருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டோம். குப்பியின் மூடி வேறு நிறமாக இருந்தது. வேறு மாதிரி இருந்தால் லேபிளைப் படிக்காமல் எந்த மருந்தையும் நான் இழுக்க மாட்டேன் என்றார். அவ்வளவுதான். அந்தப் பழக்கம் 28 வருடத்தில் வந்தது. அதே சமயம், அந்தப் பட்டதாரிப் பெண்ணையும் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அவள் அன்று மாலையே உட்கார்ந்து, இரண்டுவகைக் குப்பிக்கும் இரண்டுவகை சிரிஞ்சுக்கும் கணக்குப் போட்டு, ஒரு பட்டியல் எழுதி, எல்லா வார்டுகளிலும் ஒட்டினாள். சிஸ்டர் ஒரு நோயாளியைக் காப்பாற்றினார். அந்தப் பட்டியல் இனி வரப்போகிற நோயாளிகளைக் காப்பாற்றும். கண்ணால் கண்டதை ஒழுங்கான முறையாக மாற்றி எல்லோருக்கும் கற்றுத்தருவதுதான் பட்டப்படிப்பு பழக்குகிற வேலை. எங்களுக்கு இருவரும் வேண்டும்.

பட்டத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயருக்குக் கல்லூரி, பக்கத்தில் நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரி கிடையாது என்ற நிலையில் படித்து வருகிற பிள்ளைகளை நாங்கள் நேர்முகத் தேர்வில் சந்திக்கிறோம். சான்றிதழ் கையில் இருக்கும். ஆனால் ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப் புண் வராமல் காக்கத் தெரிந்திருக்காது. அது அந்தப் பிள்ளைகளின் குற்றமல்ல. நோயாளியின் பக்கத்தில் நிற்காத படிப்பு, எத்தனை வருடமானாலும் நர்ஸை உண்டாக்காது. அதோடு பட்டப்படிப்புக்குப் பணம் வேண்டும். நிலத்தை அடகு வைத்துப் படித்த பெண், கடனை அடைக்க வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போகத்தான் செய்வாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. நாம் கொடுக்கிற சம்பளம் நமக்கே தெரியும். ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து, தமிழ் மீடியத்தில் படித்து, உதவித்தொகையில் டிப்ளமோ முடித்த பெண்கள் எங்களோடு நிலைத்து நிற்கிறார்கள். பட்டம் இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று இன்றே கதவை அடைத்தால், முதலில் வெளியே நிற்பவர்கள் அந்த ஏழைப் பெண்கள்தான்.

தமிழ் மீடியம் என்றோமே, அதுவும் ஒரு முக்கியமான காரியம். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த மிஷனெரி டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முற்பட்டு, பெரிய பெரிய மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். புரிந்து படித்தால்தான் அறிவு கைக்கு வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கிலீஷில் நெட்டுருப் போட்டுத் தேர்வில் எழுதிவிட்டு, வார்டில் காரணம் தெரியாமல் நிற்கிற பிள்ளைக்குப் பட்டம் இருந்தும் பயனில்லை.

இவ்வளவையும் யோசித்து, எங்கள் நிர்வாகக் குழு சில தீர்மானங்கள் செய்திருக்கிறது. அவற்றை உங்களுக்குத் தெரியப்படுத்துவது எங்கள் கடமை.

முதலாவது, டிப்ளமோ பள்ளியை மூடப் போவதில்லை. 2023-ல் நாடாளுமன்றம் நர்சிங் கல்விக்கும் பணிக்கும் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. வருங்காலத்தில் ஒழுங்குகள் மாறினால் அதற்குக் கீழ்ப்படிவோம். அதுவரைக்கும் கிராமத்துப் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கும்.

இரண்டாவது, எங்களோடு குறைந்தது மூன்று வருடம் உழைத்த டிப்ளமோ நர்ஸுகளில் இருவரை வருடந்தோறும் போஸ்ட் பேசிக் பட்டப்படிப்புக்கு அனுப்புவோம். படிக்கும் இரண்டு வருடமும் அவர்கள் வீட்டுக்குச் சம்பளத்தில் பாதி போய்ச் சேரும். வார்டை அறிந்தவர் பட்டம் பெற்றால் இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்.

மூன்றாவது, வியாழக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் தமிழில் வகுப்பு. என்ன செய்ய வேண்டும் என்பதோடு ஏன் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லித்தருகிறோம். முதல் பாடம் மூச்சை எண்ணுவது. இப்போது எங்கள் சார்ட்டுகளில் 18 உண்டு, 22 உண்டு, 26 உண்டு. எல்லாமே 20 என்று இருந்தால் மூத்த சிஸ்டர் சார்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான்காவது, நர்ஸ் கூப்பிட்டால் டாக்டர் எழுந்து வர வேண்டும். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால், கூப்பிட்டதற்காக நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனாலும் நான்கிலும் கஷ்டமானது இதுதான் என்பதை எங்கள் டாக்டர்களே சொல்லுவார்கள்.

ஐந்தாவது, ஆள்பலம். இரவில் ஆண்கள் வார்டில் இப்போது இரண்டு ஸ்டாஃப் நர்ஸுகள் இருக்கிறார்கள். ஐந்துக்கு ஒருவர் என்ற அளவை நாங்கள் எட்டவில்லை. எட்டிவிட்டதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம்.

ஆகையால் தலைமையாசிரியர் ஐயாவுக்கு எங்கள் பதில்: உங்கள் தாயாரைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாளுக்கு எங்கள் வணக்கம். அன்பு இல்லாதவர் நர்ஸாக முடியாது. ஆனால் அன்புள்ளவரின் கையில் அறிவையும் கொடுப்பது அந்த அன்புக்கு நாம் செய்கிற மரியாதை. சகோதரிக்கு எங்கள் பதில்: ஏழைக்கு இரண்டாந்தரம் போதும் என்று நாங்கள் ஒருநாளும் நினைக்கவில்லை, ஆனால் அப்படி ஆகிவிடும்படி சில காலம் அசட்டையாக இருந்துவிட்டோம். உங்கள் கடிதம் நல்ல சமயத்தில் வந்தது.

நல்ல சமாரியனின் கதையை நாம் சிறுவயதுமுதல் கேட்டிருக்கிறோம். மனதுருகினான் என்பதோடு அந்தக் கதை முடியவில்லை. காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கவும், கட்டுப் போடவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்து, இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். மனதுருக்கமும் கைத்திறமையும் காசும் சேர்ந்துதான் அந்த மனுஷன் பிழைத்தான். அந்தக் கதையில் நாங்கள் சத்திரக்காரர். நீங்கள் இரண்டு காசு கொடுத்தவர்கள்.

கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிக்கலாம். ஒரு நர்ஸின் படிப்புக்குக் கொடுத்தால் எதிலும் பொறிக்க முடியாது. அது ஏதோ ஓர் இரவில், இரண்டு மணிக்கு, ஒரு நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணும்போது தெரியும். அப்போது நீங்களும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அந்த நோயாளியும் அதை அறியமாட்டார்.

முடிக்குமுன் ஒன்று. அந்த ஐப்பசி இரவில் டியூட்டியில் இருந்த பெண், மறுவாரமே ராஜினாமாக் கடிதத்தோடு வந்தாள். "நான் பி.எஸ்சி. படிச்சிருந்தா அவரு பிழைச்சிருப்பாரா, மேடம்?" என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் கேட்டாள். அம்மா பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலம்மா. ஆனா உனக்குத் தெரியாம போனதுக்கும், நீ பயந்ததுக்கும், நீ தனியா நின்னதுக்கும் நாங்கதான் பொறுப்பு" என்றார்கள். கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் எங்களோடேயே இருந்தாள். வியாழக்கிழமை வகுப்பில் மூச்சு எண்ணும் பாடத்தை மாணவிகளுக்கு இப்போது எடுப்பவள் அவள்தான். நடந்ததை மறைக்காமல் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறாள். இந்த வருடம் போஸ்ட் பேசிக் படிப்புக்கு நாங்கள் அனுப்பும் இருவரில் அவள் ஒருத்தி. அவளுடைய இரண்டு வருடச் செலவில் பாதி சேர்ந்திருக்கிறது. மீதிக்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.